சோம்பேறி என்று நான் திட்டிய பிள்ளை: இரும்புச்சத்தின் வரலாறு



போன வாரம் ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் போனில் பேசினீர்கள். மகிழ்ச்சி. இந்த வாரம் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. நம் உடம்புக்குள் இருக்கிற ஓர் உலோகத்தின் வரலாறு. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். அந்த டீயைப் பற்றியும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லப்போகிறேன்.

இதை எழுத வைத்தது என் பேத்தி. 12 வயது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மகள் போனில் புலம்பினாள். "எந்நேரமும் படுத்தே கிடக்கிறாம்மா. மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வான்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறா. சரியான சோம்பேறி." பேத்தி போனை வாங்கி, "அம்மாச்சி, நெசமாவே காலு கடுக்குது" என்றாள். டாக்டரிடம் காட்டி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.1 கிராம். அந்த வயதில் குறைந்தது 12 இருக்க வேண்டும். உடம்பில் இரும்புச் சேமிப்பும் அடிமட்டத்தில் இருந்தது.

மகள் சொன்ன அந்த "சோம்பேறி" என்ற சொல் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஏனென்றால் அது என் வாயிலிருந்து வந்த சொல்தான். 1986ஆம் வருடம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் நடுநிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது; டிரில் பீரியடையும் நானே பார்ப்பேன். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். உயர வரிசையில் நிற்கும் பிரேயரில் மூன்று வருடமும் அவள்தான் முதல் ஆள். மற்றவர்கள் வளர்ந்தார்கள், அவள் இடம் மாறவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "சோம்பேறிக் கழுதை, எந்திரி" என்று எல்லார் முன்னாலும் திட்டி, மறுபடியும் ஓட விட்டிருக்கிறேன். சாக்பீஸ் தின்கிறாள் என்று உள்ளங்கையில் அடித்தும் இருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தபோது குழந்தை உளவியல் படித்தேன். கரும்பலகையில் நேராக எழுதப் பழகினேன். மண், சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி என்று பிள்ளை தேடித் தின்றால் அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதில் ஏமாந்தது நான் மட்டுமில்லை. பெரிய பெரிய மருத்துவர்களே நூற்றாண்டுக் கணக்கில் ஏமாந்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இன்றைக்கு.

1554ஆம் ஆண்டு. ஜெர்மனியில் யோஹான்னஸ் லாங்கே என்ற மருத்துவருக்கு, ஒரு பெண்ணின் உடல்நிலை பற்றிக் கேள்வி வருகிறது. பெண்ணின் முகம் வெளிறிக் கிடக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. கறியைக் கண்டாலே பிடிக்கவில்லை. கணுக்கால் வீங்குகிறது. லாங்கே எழுதிய பதில் என்ன தெரியுமா? இது கன்னிப் பெண்களின் நோய், சீக்கிரம் கல்யாணம் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும் என்பதுதான். நம் ஊர்ப் பெரியவர்கள் பேசுவது போலவே இல்லை?

பிற்பாடு இதற்குக் குளோரோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். முகத்தில் லேசாகப் பச்சை ஓடுவதாகத் தெரிந்ததால் பச்சை நோய் என்றும் சொன்னார்கள். காதல் ஏக்கம் என்றார்கள், இடுப்பை இறுக்கிக் கட்டும் உடைதான் காரணம் என்றார்கள். ஐரோப்பாவில் 300 வருடத்துக்கும் மேலாக வளரும் பெண் பிள்ளைகளை வாட்டிய இந்த நோயின் பெரும்பகுதி இரும்புச்சத்துக் குறைவுதான் என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து.

வைத்தியம் மட்டும் சிலர் கையில் சரியாக அமைந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சைடனாம் இரும்புத் தூளை ஒயினில் ஊற வைத்துக் கொடுத்தார். 1740களில் இத்தாலியின் பொலோனியா நகரத்தில் வின்சென்ஸோ மெங்கினி ரத்தத்தைக் காய வைத்து, எரித்துப் பொடியாக்கி, அதன் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனார். துகள்கள் ஒட்டிக்கொண்டன. நம் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வைத்த சோதனை அது. 1832இல் பிரான்சின் பியர் பிளோ இரும்பு மாத்திரை செய்தார். அது பல நாடுகளுக்கும் பரவியது.

அப்படியும் சண்டை ஓயவில்லை. தின்கிற இரும்பு உடம்பில் சேராது என்று பெரிய பேராசிரியர்களே வாதாடினார்கள். 1893இல் எடின்பரோவின் ரால்ஃப் ஸ்டாக்மன் இரும்பைத் தோலுக்கு அடியில் ஊசியாகவும் போட்டுப் பார்த்து, நோயைக் குணமாக்குவது இரும்புதான் என்று காட்டினார். அதோடு விடாமல் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அவர்கள் சாப்பாட்டில் இரும்பு மிகக் குறைவு. 1554இல் தொடங்கிய "மனசு சரியில்லை" கதை, தட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வந்து சேர 340 வருடம் ஆகியிருக்கிறது.

சரி, ரத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்பது புரிந்துவிட்டது. என் பேத்திக்குக் கால் கடுப்பது ஏன்? அதற்குத் தசையின் கதைக்குப் போக வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. ஓர் ஆணி எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில். மீதியில் பெரும்பகுதி சேமிப்பில். ஒரு சிறு பகுதி தசையிலும் மற்றத் திசுக்களிலும் வேலை பார்க்கிறது. நாட்டுக்கோழி அடிக்கும்போது கவனியுங்கள். தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும், நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும். கோழி நாளெல்லாம் நடக்கிறது, எப்போதாவதுதான் பறக்கிறது. ஓயாமல் உழைக்கிற தசையில் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அதிகம். ஹீமோகுளோபின் கொண்டுவரும் ஆக்ஸிஜனை அது வாங்கி வைத்துக்கொள்ளும். அதன் நடுவிலும் இரும்பு உண்டு. வெகுநேரம் மூச்சடக்கி முங்கும் திமிங்கிலத்தின் தசையில் இது ஏராளம். அந்தத் திமிங்கில மயோகுளோபினை வைத்துத்தான் 1958இல் ஜான் கென்ட்ரூ முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடித்தார். 1962இல் மாக்ஸ் பெரூட்ஸோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு.

இன்னொன்றும் இருக்கிறது. செல்லின் ஆற்றல் நிலையம் மைட்டோகாண்டிரியா என்று படித்தீர்களே, நினைவிருக்கிறதா? அங்கே ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் சைட்டோகுரோம் என்ற பொருள்களுக்கும் இரும்பு வேண்டும். இதை 1880களிலேயே ஒருவர் பார்த்துவிட்டார். இங்கிலாந்தில் சார்லஸ் மக்மன் என்ற சாதாரண ஊர் டாக்டர். தசை வழியாக ஒளியைச் செலுத்தி, ஒரு புதிய நிறப்பொருள் இருப்பதாக எழுதினார். ஜெர்மனியின் பெரிய வேதியியல் பேராசிரியர் ஹோப்பே சைலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மக்மன் 1911இல் இறந்தார். 1925இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் பூச்சிகளின் தசையிலும் ஈஸ்டிலும் அதே பொருளைக் கண்டு, மக்மன் சொன்னது சரிதான் என்று எழுதினார்.

எளிமையாகச் சொல்கிறேன். ரத்தம் என்பது விறகு ஏற்றி வரும் வண்டி. தசை என்பது அடுப்பு. இரும்பு குறைந்தால் வண்டியும் குறையும், அடுப்பும் அணையும். வண்டி நிறைய விறகு வந்து வாசலில் இறங்கினாலும் அடுப்பு இல்லாத வீட்டில் சோறு வேகாது.

இதை அமெரிக்காவின் சியாட்டிலில் கிளெமென்ட் ஃபின்ச் குழுவினர் 1976இல் ஒரு சோதனையில் காட்டினார்கள். இரும்பு இல்லாத தீனி கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். பிறகு அவற்றின் ரத்தத்தை மாற்றி, ஹீமோகுளோபினை நல்ல எலிகளின் அளவுக்கே கொண்டுவந்தார்கள். ரத்தக் கணக்குப்படி இப்போது இரண்டும் சமம். ஓட விட்டால், இரும்பில்லாமல் வளர்ந்த எலிகள் அப்போதும் சீக்கிரமே களைத்து நின்றன. தசைக்குள் அடுப்பு எரியவில்லை. லாக்டிக் அமிலம் சேர்ந்துகொண்டே போனது. இரும்பு கொடுத்த சில நாட்களிலேயே ஓடத் தொடங்கின. இதைப் படித்த அன்று எனக்கு அந்த 1986 மைதானம்தான் கண்ணில் நின்றது. எலியை யாரும் சோம்பேறி என்று திட்டவில்லை.

மனிதர்களிடம் இதைச் சோதித்த இடங்களில் ஒன்று நமக்கு ரொம்ப நெருக்கம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன குடும்பங்களின் வாரிசுகள்தான் அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களில் மிகப் பெரும்பான்மை. 1970களில் அமெரிக்க ஆய்வாளர்களும் இலங்கை மருத்துவர்களும் தோட்டத் தொழிலாளர்களை ஓடுபொறியில் நடக்க விட்டுப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் குறையக் குறைய, அவர்கள் நிற்கும் நேரம் சீக்கிரம் வந்தது, இதயமும் கூடுதலாகத் துடித்தது. அடுத்து, ஒரு பகுதிப் பெண்களுக்கு இரும்பு மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, தினமும் பறித்த கொழுந்தின் எடையைக் கணக்கிட்டார்கள். 1979இல் முடிவு வெளிவந்தது. இரும்பு எடுத்தவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். அதிகம் சோகை இருந்தவர்களிடம் முன்னேற்றமும் அதிகம். வேலை முடிந்த பிறகும் அவர்களின் நடமாட்டம் கூடியிருந்தது.

அதற்கு முன்னால் அந்தப் பெண்களில் எத்தனை பேர் எடை குறைந்த கூடையோடு வந்து நின்று, கங்காணியிடம் என்னென்ன பேச்சு வாங்கியிருப்பார்கள்! எழுதும்போதே மனசு கனக்கிறது.

அடுத்து வளர்ச்சி. 1890ஐ ஒட்டிய வருடங்களில் பாசல் நகரத்தின் குஸ்டாவ் ஃபான் புங்கே, குட்டி விலங்குகளின் சாம்பலையும் அவற்றின் தாய்ப்பாலின் சாம்பலையும் ஒப்பிட்டார். மற்றத் தாதுக்கள் எல்லாம் பொருந்தி வந்தன. இரும்பு மட்டும் பாலில் மிகக் குறைவு. அப்படியானால் குட்டிக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போதே தாயிடமிருந்து கட்டுச்சோறு போல வாங்கி வருகிறது. மனிதக் குழந்தைக்கு அந்தக் கட்டுச்சோறு சுமார் ஆறு மாதம் வரும். தாய்க்கே இல்லையென்றாலோ, குறைமாதத்தில் பிறந்தாலோ அதுவும் வராது. பிள்ளை பால் நன்றாகக் குடிக்கிறதே என்று ஒரு வயது தாண்டியும் பாலையே கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளில் சோகை வருவது இதனால்தான்.

1920களில் கிழக்கு லண்டன் ஏழைக் குழந்தைகளின் மருத்துவமனையில் ஹெலன் மக்கே என்ற பெண் மருத்துவர் இதைக் கவனித்தார். வெளிறிய கைக்குழந்தைகளுக்கு இரும்பு கொடுத்தார். ரத்தம் ஊறியதோடு, அடிக்கடி வரும் நோய்கள் குறைந்தன, எடையும் கூடியது. 1934இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியின் முதல் பெண் ஃபெலோ ஆனவர் இவர்தான்.

வளர்வது என்றால் செல் பிரிய வேண்டும். செல் பிரிய டி.என்.ஏ. உண்டாக வேண்டும். அதற்கான பொருளைத் தயாரிக்கும் நொதிக்கும் இரும்பு வேண்டும். வளரும் வயதில் தசை பெருக்கிறது, ரத்தத்தின் அளவும் கூடுகிறது. இரண்டும் இரும்பைக் கேட்கின்றன. பெண் பிள்ளைக்கு அதே சமயம் மாதவிலக்கும் தொடங்கிவிடுகிறது. 1994இல் வெளியான கென்யா ஆய்வில், சோகை உள்ள தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 14 வாரம் இரும்பு கொடுத்தபோது பசி கூடியது, வளர்ச்சியும் கூடியது. பசி என்பதைக் கவனியுங்கள். சாப்பிடாததால் இரும்பு குறைகிறது, இரும்பு குறைந்ததால் சாப்பாடு பிடிக்காமல் போகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு கொடுத்தால் எல்லாப் பிள்ளையும் உயரமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இரும்பு மட்டும் உயரத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. புரதம், துத்தநாகம், சுத்தமான தண்ணீர் எல்லாம் சேர வேண்டும். இரும்பு போதுமான அளவு உள்ள பிள்ளைக்கு மேலும் கொடுத்தால் நல்லதுக்குப் பதில் கெடுதலும் வரலாம். அதனால் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்வதைக் கேட்டுக் கொடுங்கள்.

சோம்பலுக்கு இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளைக்காரர்களைச் சோம்பேறிகள் என்று கேலி பேசுவது வழக்கம். 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி, அவர்கள் குடலில் கொக்கிப்புழு இருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது, அதனால்தான் பெரியவர்கள் சோர்கிறார்கள், பிள்ளைகள் குட்டையாக நிற்கிறார்கள் என்றார். ஒரு பத்திரிகை அதைச் சோம்பல் கிருமி என்று கேலியாகப் போட்டது. 1909இல் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து, அந்தப் புழுவை ஒழிக்க ஓர் ஆணையம் தொடங்க வைத்தார். நம் பிள்ளைகளும் வெறுங்காலோடுதானே வயலுக்கும் வாய்க்காலுக்கும் போனார்கள்? 2015 முதல் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை அதனால்தான் தவறவிடக் கூடாது என்கிறேன்.

நம் நாட்டில் 1970லேயே சோகைத் தடுப்புத் திட்டம் வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மாத்திரை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால். வகுப்பில் நானே கொடுத்திருக்கிறேன். வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசுவார்கள். பதிவேட்டில் டிக் போட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் முதல் வருடம் நானும் இருந்தேன். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லியிருக்கலாம். கறுப்பாகப் போவது இயல்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வருடம் சொன்னேன், வீசுவது குறைந்தது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்குச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 பேருக்கு. எல்லாமே இரும்புக் குறைவால் மட்டும் வருவதில்லை என்றாலும் அதன் பங்கு பெரியது. வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நான் கணக்கும் எடுத்தவள்தானே.

இனி வீட்டுக்கு வருவோம். கறி, ஈரல், மீனில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். சோகை வந்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்தார்களே நம் பாட்டிமார், அதில் அர்த்தம் இருக்கிறது. கீரை, பயறு, கம்பு இவற்றின் இரும்பு அவ்வளவு சுலபமாகச் சேராது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது இருந்தால் சேரும். பேரீச்சம்பழம் நாலு தின்றால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இப்போது அந்த டீ. 1975இல் தென்னாப்பிரிக்காவில் செய்த ஆய்வு, சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு சேர்வது வெகுவாகக் குறையும் என்று காட்டியது. டீயை விட வேண்டாம். சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காபிக்கும் இதே கதைதான்.

என் பேத்தி மாத்திரை எடுக்கத் தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. போன வாரம் வந்திருந்தாள். நான் சொல்லாமலே மாடிக்கு ஓடிப் போய் வடகத்தை எடுத்து வந்தாள். மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அந்தச் சொல்லை இனி எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஆனால் 1986இல் ஏழாம் வகுப்பு படித்த அந்தப் பிள்ளைக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டாள். இப்போது அவளுக்கும் 50ஐ ஒட்டி வயதிருக்கும். அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவளைப் பார்த்தால், டீச்சர் மன்னிப்புக் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். என் நம்பரையும் கொடுங்கள்.

உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் பலர். ஓட முடியாமல் உட்காரும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அதன் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே ரத்தம் பார்க்கக் காசு கிடையாது.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்